நான்கு வீட்டுக்கும் நான்கு சிறு ஆல்பங்கள்: பழைய குடும்பப் படங்களை எப்படிக் கையாள்வது?

செல்லூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தாவின் தகரப் பெட்டியில் இருந்த படங்களும் காகிதங்களும் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. எங்கள் வீட்டையும் சேர்த்து அப்பாவுடன் பிறந்தவர்கள் வீடு நான்கு. மாசிச் சிவராத்திரிக்கு எல்லோரும் உசிலம்பட்டிப் பக்கம் உள்ள குலதெய்வக் கோயிலில் கூடுவது வழக்கம் என்பதால், அதற்குள் வீட்டுக்கு ஒன்றாக நான்கு சிறு ஆல்பங்களைக் கையாலேயே செய்து கொடுக்க விரும்புகிறேன். ஸ்கிராப்புக் என்றும் மினி ஆல்பம் என்றும் இணையத்தில் காட்டப்படுபவற்றைப் பார்த்தேன். உறைகள், மடிப்புகள், இழுத்தால் வெளியே வரும் அட்டைகள் என்று அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றைச் செய்பவர்கள் நேற்று எடுத்த படத்தை இன்று அச்சிட்டு ஒட்டுகிறார்கள். என்னிடம் இருப்பவை மறுபடி கிடைக்காதவை.

பெட்டியில் உள்ளவற்றைச் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் தாள் வைத்த பழைய ஆல்பம் ஒன்றில் கறுப்பு வெள்ளைப் படங்கள் முக்கோண மூலைகளில் செருகப்பட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைக்கப்பட்டிருக்கிறது. 1980களில் நடந்த பெரியப்பா திருமணத்தின் வண்ணப் படங்கள், மேலே உள்ள பிளாஸ்டிக் தாளைத் தூக்கிவிட்டு ஒட்டும் வகை ஆல்பத்தில் இருக்கின்றன. பசை பழுப்பேறிவிட்டது, படங்கள் எல்லாம் சிவந்துவிட்டன. அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெரிய படம் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. அது இப்போது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவற்றோடு பெரியப்பா பட்டாளத்திலிருந்து எழுதிய இன்லாண்டு கடிதங்கள், மஞ்சள் தடவிய திருமணப் பத்திரிகைகள், விசேஷத்தில் யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைத்த செய்முறை நோட்டு ஒன்று, அப்பத்தாவின் சுங்குடிச் சேலை ஒன்று ஆகியவையும் உள்ளன.

அசல் படங்களை ஆல்பத்தில் வைக்கலாமா, நகல்தான் வைக்க வேண்டுமா? எந்தத் தாள், எந்தப் பசை நெடுநாள் தாங்கும்? எங்கள் அத்தை அசல்களை நான்கு பங்காகப் பிரித்து, வீட்டுக்கொரு பங்கை அந்தந்த ஆல்பத்தில் வைத்துவிடலாம் என்கிறார். அவர் வயதில் மூத்தவர் என்பதால் மறுத்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏடு காப்பவன்

சகோதரிக்கு வணக்கம். நான் நூலகம் ஒன்றில் பழைய நூல்களையும் படங்களையும் பராமரிக்கும் பணியில் இருப்பவன். உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: அசல் எதையும் ஒட்ட வேண்டாம். ஆல்பத்துக்குப் போக வேண்டியது நகல். அசல் பெட்டியில் இருக்கட்டும். அத்தையிடம் இதை மறுப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் கால் பங்குதான் கிடைக்கும், நகல் எடுத்தால் நான்கு வீட்டுக்கும் முழுவதும் கிடைக்கும் என்று சொல்லுங்கள். அசல் தொகுப்பு யாராவது ஒருவர் வீட்டில் பிரியாமல் இருக்க வேண்டும். அவர் விரும்பினால் அத்தை வீட்டிலேயே இருக்கட்டும்.

கறுப்புத் தாள் ஆல்பத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். முக்கோண மூலையில் செருகுவது பழைய முறை என்றாலும், இன்றும் அதைவிடப் பாதுகாப்பான முறை இல்லை. படத்தின் மேல் பசையே படுவதில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது வெள்ளித் துகள் என்பதால், ஈரமும் புகையும் இல்லாத இடத்தில் அது பல தலைமுறை இருக்கும். கருமையான பகுதிகளின் ஓரத்தில் நீலச் சாயலோடு ஒரு மினுமினுப்பு தெரிந்தால், அது அந்த வெள்ளி மேலே வந்து படிவதால் உண்டாவது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.

உங்களிடம் உள்ளவற்றில் உடனே கவனிக்க வேண்டியது அந்த ஒட்டும் ஆல்பம். அதன் பக்கத்தில் வரிவரியாகப் பூசியிருக்கும் பசையும், மேலே மூடும் பிளாஸ்டிக் தாளும் (அது பெரும்பாலும் பிவிசி வகையாக இருக்கும்) காலப்போக்கில் படத்தைப் பாழாக்குபவை. முதலில் படங்களை எடுக்காமலேயே ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக ஒரு முறை படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம் என்பதும் ஒரு செய்திதான். எடுத்தபின் அது போய்விடும். பிறகு, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு பூசாத நூலையோ மெல்லிய பட்டு நூலையோ படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, இரு கையாலும் பிடித்துக்கொண்டு, ரம்பம் அறுப்பதுபோல் மெதுவாக இழுத்து நகர்த்துங்கள். படத்தை வளைத்துப் பிய்க்கக் கூடாது. பக்கத்தின் அட்டைதான் வளைய வேண்டும். நூல் நகராத இடத்தில் நிறுத்திவிடுங்கள். தண்ணீர், தின்னர், இஸ்திரிப் பெட்டி எதுவும் வேண்டாம். வராத படத்தை, பின்பக்கத்தில் வேறு படம் இல்லையென்றால், அட்டையோடு சேர்த்துச் சுற்றி வெட்டி எடுத்து வைப்பது மேல்.

அந்த வண்ணப் படங்கள் சிவந்ததற்கு வெயில் மட்டும் காரணம் அன்று. அந்தக் காலத்து வண்ணத் தாள்கள் பலவற்றில் இருந்த மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம், இருட்டில் மூடி வைத்திருந்தாலும் மற்ற இரண்டையும்விட விரைவாக மங்கக் கூடியது. அது குறையக் குறையப் படம் சிவப்பாகத் தெரியும். தாளில் போன சாயத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் ஸ்கேன் செய்த கோப்பில் நிறத்தைப் பெருமளவு சரிசெய்ய முடியும். திருத்திய கோப்பைத் தனியாகவும், திருத்தாததைத் தனியாகவும் சேமியுங்கள். எண்பதுகளின் படங்களை முதலில் ஸ்கேன் செய்யச் சொல்வதற்கும் இதுவே காரணம். கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது.

ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வையுங்கள். இரண்டரைக்கு மூன்றரை அங்குலப் படம் ஒன்றை அந்த அளவில் எடுத்தால் 1500க்கு 2100 புள்ளிகள் கிடைக்கும். அதை ஐந்துக்கு ஏழு அங்குலம் வரை பெரிதாக்கித் தெளிவாக அச்சிடலாம். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிவிடும் என்பதால், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஐயாவின் படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்க முயல வேண்டாம். படத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் இருந்தால் சற்றே ஈரமான துணியால் வெளிப்பக்கத்தை மட்டும், நீர் ஓரத்தில் இறங்காமல் துடைத்து, சன்னலிலிருந்து பக்கவாட்டில் ஒளி விழும்படி வைத்துக் கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடியுங்கள். எதிரில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் நிழலாடுவது குறையும். சட்டத்தின் பின்னட்டையைக் கழற்றினால் உள்ளே மடித்து வைத்த பழைய செய்தித்தாள் இருக்க வாய்ப்பு உண்டு. அதைத் தூக்கி எறியாதீர்கள். அதில் உள்ள தேதிக்குப் பிறகுதான் சட்டம் போடப்பட்டது என்பது உறுதியாகும். ஆனால் செய்தித்தாளில் அமிலம் அதிகம், ஆகையால் அதைப் படத்தோடு மறுபடி சேர்த்து வைக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. யார் சொன்னாலும் அசலை லேமினேஷன் செய்யாதீர்கள். பழைய படத்தைப் பத்திரப்படுத்துகிறோம் என்று கடையில் கொடுத்துப் பலரும் செய்துவிடுகிறார்கள்; சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எவராலும் பிரிக்க முடியாது. அசல்களைப் பாலிப்ரொப்பிலீன் உறைகளில் இட்டு, உள்சுவரை ஒட்டிய இரும்பு பீரோவில் வையுங்கள். மதுரையில் மழைக்காலத்தைவிட மொட்டைமாடிக்கு அடியில் உள்ள பரணின் சூடுதான் ஆண்டு முழுவதும் தொல்லை. ராமபாணப் பூச்சிக்கு அஞ்சி அந்துருண்டையைப் படங்களுக்கு நடுவே போடுவதும், வேப்பிலையை ஆல்பத்துக்குள் வைப்பதும் வேண்டாம். இலையின் ஈரம் கறையாகப் படியும். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்கு வெளியே வைப்பதில் தவறில்லை.

சிம்மக்கல் பைண்டர்

மேலே உள்ளவர் அசலைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் ஆல்பத்தின் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பைண்டிங் தொழில்தான்.

ஏ4 அட்டையை நடுவில் வெட்டினால் கிடைக்கும் ஏ5 அளவு, அதாவது 14.8க்கு 21 செ.மீ., உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். நான்குக்கு ஆறு அங்குலப் படம் அதில் நிமிர்வாக உட்கார்ந்து, கீழே குறிப்பு எழுத ஐந்து செ.மீ. அளவு இடம் மிஞ்சும். இணையத்தில் காட்டும் ஆறுக்கு ஆறு அங்குலச் சதுரம் பார்க்க நன்றாக இருந்தாலும், நம் ஊரில் கிடைக்கும் அட்டையில் வெட்டினால் பாதி வீணாகும். உள்தாளுக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வரையுள்ள வெள்ளை அட்டையை, ஆசிட் ஃப்ரீ என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் வண்ணச் சார்ட் அட்டை வேண்டாம். கை ஈரம் பட்டால் சாயம் விடும், சில ஆண்டுகளில் வெளுத்தும் போகும்.

வீட்டில் செய்யும் ஆல்பம் எல்லாம் ஒரே இடத்தில்தான் கெடுகிறது. தாள்களை அடுக்கி முதுகை இறுகக் கட்டிவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் படமும் உறையும் ஏறும்போது முன்பக்கம் பருத்து, ஆல்பம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஆகையால் முதுகில் முன்கூட்டியே இடம் விட வேண்டும். எளிய வழி, கனமான தாளில் 21 செ.மீ. உயரமுள்ள பட்டை ஒன்றை எடுத்து, ஒன்றரை செ.மீ. அகலத்தில் விசிறிபோல் முன்னும் பின்னுமாக மடித்து, ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் ஓர் உள்தாளை ஒட்டுவது. இரண்டு தாளுக்கு நடுவே மடிப்பின் பள்ளம் இருப்பதால், படம் ஏறினாலும் ஆல்பம் தட்டையாக மூடும். நாளைக்கு ஒரு பேரன் திருமணப் படத்தைச் சேர்க்க வேண்டுமென்றால், கடைசியில் இரண்டு மடிப்பைக் காலியாக விட்டிருந்தால் போதும்.

மடிக்கும் முன்பு தாளின் இழை ஓடும் திசையைப் பாருங்கள். தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்தால் ஒரு பக்கம் எளிதாக வளையும்; அதுதான் இழையின் போக்கு. முதுகுக்கு இணையாக அந்தப் போக்கு இருக்கும்படி வெட்டினால் மடிப்பு சீராக விழும், எதிராக வெட்டினால் மடிப்பில் தாள் வெடிக்கும். மடிக்கும் கோட்டை, மை தீர்ந்த பால்பாயிண்டு பேனாவால் அளவுகோலை வைத்து அழுத்திக் கீறிக்கொண்டு மடியுங்கள்.

பசை விஷயத்தில் எங்கள் தொழிலில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்போம். கணக்குப் பேரேட்டுக்கு அது சரி, படத்துக்கு அருகில் அது ஆகாது. துத்தம் அமிலத் தன்மை உடையது, காலப்போக்கில் தாளைப் பழுப்பாக்கும். துத்தம் போடாத மைதாப் பசையையோ ராமபாணம் விடாது. எனவே வெள்ளை நிறத்தில் கிடைக்கும் பிவிஏ பசையை முதுகுக்கும் மேலட்டைக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். ஒட்டிய பிறகு கனத்தின் அடியில் வைத்துக் காயவிட்டு, படங்களைச் செருகும் முன்பு ஆல்பத்தைச் சில நாள் திறந்தே வையுங்கள், உள்ளே ஈரம் நிற்கக் கூடாது. மேலட்டையின் வெளிப்பக்கம் மட்டும் துணி ஒட்டினால் அட்டை அந்தப் பக்கமாக வளையும். உள்பக்கமும் தாள் ஒட்டினால் இரு பக்க இழுவையும் சமமாகி நேராக நிற்கும்.

படத்தைச் செருகும் முக்கோண மூலைகளைக் கடையில் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டுக்கு நான்கு செ.மீ. தாள் துண்டு ஒன்றை எடுத்து, நீளவாட்டில் நடுவிலிருந்து இரு முனைகளையும் கீழ்நோக்கி மடித்தால் முக்கோணப் பை கிடைக்கும். அதன் முதுகில் மட்டும் பசை. கடித நகல்களுக்குத் தாளிலேயே உறை செய்து, வாய்ப்பக்கம் முதுகை நோக்கி இருக்குமாறு ஒட்டுங்கள். வாய் வெளியே பார்த்தால், ஆல்பத்தைத் தூக்கும்போதெல்லாம் கடிதம் நழுவி விழும். இன்லாண்டு கடிதத்தின் நகலை இருபுறமும் அச்சிட்டு, அசல் எப்படி மடிக்கப்பட்டிருந்ததோ அப்படியே மடித்து வையுங்கள். முகவரி வெளியே தெரியும்படி இருந்தால் பிள்ளைகள் தாங்களாகவே பிரித்துப் படிப்பார்கள்.

ஜிகினாவும் சமிக்கியும் உள்பக்கத்தில் வேண்டாம். எதிர்ப்பக்கத்துப் படத்தைக் கீறிவிடும். அலங்காரம் வேண்டுமென்றால் மேலட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல் கடைகளில் அழகர் வேடத்துக்குத் தைத்தது போக ஜரிகைத் துண்டு மிஞ்சியிருந்தால் கேட்டுப் பாருங்கள்.

அண்ணாநகர்க்காரர்

இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்கேன் செய்த கோப்புகளைக் கொடுத்தால், திருமணத்துக்குச் செய்வது போலவே, பக்கங்களிலேயே படத்தை அச்சிடும் கரிஷ்மா ஆல்பமாக நான்கு பிரதிகள் அச்சிட்டுத் தந்துவிடுவார்கள். பார்க்கவும் பளபளப்பாக இருக்கும். சிவராத்திரிக்குள் முடியுமா என்ற கவலையும் இல்லை.

சிம்மக்கல் பைண்டர்

தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு. படங்கள் மட்டும் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். கடிதத்தைப் பிரித்துப் படிக்கவும், பின்னால் ஒரு பக்கத்தைச் சேர்க்கவும், யாராவது பெயர் தவறு என்று சொன்னால் குறிப்பை மாற்றவும் அதில் வழியில்லை. குடும்ப ஆல்பத்தில் அந்தத் திருத்தங்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

சோழவந்தான் ஆசிரியை

அம்மா, தாளும் பசையும் பற்றி இருவரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். என்னைக் கேட்டால், ஆல்பத்தில் படத்தைவிடக் குறிப்புக்கே கூடுதல் நேரம் செலவிட வேண்டும். பெயர் எழுதாத படம், அதை அடையாளம் காட்டக் கூடிய கடைசி மனிதர் இருக்கும் வரைதான் குடும்பப் படம். அதன் பிறகு அது யாரோ சிலரின் படம். பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊரில் சில வீடுகளுக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன் என்பதால் சில செய்திகளைச் சொல்கிறேன்.

நீங்கள் நான்கு வீட்டுக்குச் செய்கிறீர்கள். உங்களுக்குப் பெரியப்பா என்பவர் இன்னொரு வீட்டில் அப்பா, அடுத்த தலைமுறைக்குத் தாத்தா. உங்கள் அத்தையின் பிள்ளைகளுக்கோ அவர் தாய்மாமன். ஆகையால் குறிப்பில் உறவுமுறையை மட்டும் எழுதினால் நான்கில் மூன்று ஆல்பங்களில் அது பொருந்தாது. தலைப்பெழுத்தோடு முழுப்பெயரை எழுதி, வீட்டில் கூப்பிட்ட பெயரை அடுத்துச் சேர்த்து, பெண்களுக்குப் பிறந்த ஊரையும் கட்டிக்கொடுத்த ஊரையும் எழுதுங்கள். நான்கு ஆல்பத்துக்கும் பொதுவாக முதல் பக்கத்தில் ஒரு கொடிவழிப் படம் இருந்தால், உறவுமுறையை அவரவர் அதிலிருந்து புரிந்துகொள்வார்கள்.

கூட்டமாக எடுத்த படங்களுக்கு ஒரு நகலை எடுத்து, ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, அதைத்தான் வயதானவர்களிடம் காட்ட வேண்டும். "இது யார்?" என்று கேட்பதைவிட, "இந்தப் படம் எடுத்த அன்று என்ன விசேஷம்?" என்று தொடங்குங்கள். விசேஷம் நினைவுக்கு வந்தால், யார் யார் வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டு வரவில்லை என்பது வரை தானாக வந்துவிடும். உங்கள் அத்தையை அருகில் உட்காரவைத்துக் கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்துகொண்டே கேளுங்கள். அசல்களைப் பிரிக்கலாம் என்று சொன்னவர், தன் நினைவிலிருந்து பெயர் சொல்லத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சை எடுப்பாரா என்பது ஐயமே.

தேதி தெரியாத படங்களுக்குக் காகிதங்களே துப்புக் கொடுக்கும். படத்தின் பின்புறம் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் முகவரியைப் பாருங்கள். 'மதுரை-1' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது பழைய முத்திரை. 625 001 என்று ஆறு இலக்கம் இருந்தால், அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்குப் பிற்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். முகவரியில் மெட்ராஸ் ஸ்டேட் என்று இருந்தால், மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்று மாறுவதற்கு முன்பு செய்த முத்திரையாக இருக்கும். பெரியகுளத்தையும் உத்தமபாளையத்தையும் மதுரை மாவட்டம் என்று எழுதிய பத்திரிகை, தேனி தனி மாவட்டமான 1996க்கு முற்பட்டதாக இருக்கலாம். திண்டுக்கல் 1985இல் பிரிந்தது. முத்திரைகளையும் அச்சுக் கட்டைகளையும் பழைய முகவரியோடு சில ஆண்டு தொடர்ந்து பயன்படுத்துவது வழக்கம் என்பதால், பழைய முகவரி இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். புதிய முகவரி இருப்பதுதான் உறுதியான சான்று.

திருமணப் பத்திரிகையில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் வருஷம் மட்டும் இருந்தாலும் கணக்கிடலாம். பிரபவ வருஷம் 1987 ஏப்ரலில் தொடங்கியது. அதற்கு முந்தைய பிரபவ 1927இல். அந்த அறுபதின் வரிசையில் எண்ணினால் சௌமிய என்பது 1969-70 என்று கிடைக்கும். ஆகவே 'சௌமிய வருஷம் ஆவணி மாதம்' என்று அச்சிட்டிருந்தால் அது 1969 ஆகஸ்டு-செப்டம்பர். பத்திரிகையில் தடவிய மஞ்சள் வெளிச்சத்தில் விரைவாக மங்கும் என்பதையும் நினைவில் வைத்து, நிறம் இருக்கும்போதே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

செய்முறை நோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது உங்கள் பெட்டியில் உள்ளவற்றில் மிக அரிய பொருள் என்பது என் கருத்து. எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், என்ன முறைக்கு என்ன செய்தார்கள் என்று ஒரு விசேஷ நாளின் உறவு வட்டம் முழுவதும் அதில் வரிசையாக இருக்கும். தொகை ரூபாய், அணா, பை என்று மூன்று பிரிவாக எழுதப்பட்டிருந்தால், 1957 ஏப்ரல் முதல் தேதி நூறு நயா பைசா கணக்கு வருவதற்கு முந்தைய விசேஷமாக இருக்க வேண்டும். எழுதியவர் பழைய பழக்கத்தை விடாதவராக இருந்தால் ஓரிரு ஆண்டு பிந்தலாம். முழு நோட்டையும் ஸ்கேன் செய்து தொகுப்பில் வையுங்கள். ஆனால் ஆல்பத்தில் ஒரே ஒரு பக்கத்தின் நகல் போதும், அதிலும் தாய்மாமன் வரிசை போல யாருக்கும் மனக்குறை தராத பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். கோயிலில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்க்கும்போது, எந்த வீட்டார் எவ்வளவு குறைவாகச் செய்தார்கள் என்ற கணக்கு எழுந்தால் ஆல்பம் ஒரு பக்கம் கிடக்கும்.

பேச்சுவார்த்தை இல்லாமல் போனவர்கள், பிரிந்து போனவர்கள் படத்தில் இருந்தால், யாரையும் கத்தரித்து நீக்காதீர்கள். குறிப்பில் பெயரை மட்டும் எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள்.

குறிப்பை எழுதுவதற்கு ஜெல் பேனா வேண்டாம், பலவற்றின் மை ஈரம் பட்டால் கரைந்துவிடும். பிக்மென்ட் மை என்று குறித்த பேனா வாங்குங்கள். அசலின் பின்புறம் எழுத வேண்டிவந்தால், பழைய நார்த்தாள் படமென்றால் ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். வழவழப்பான பின்புறம் உள்ள வண்ணப் படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றை இட்ட உறையின்மேல், படத்தை உள்ளே வைக்கும் முன்பே எழுதிவிடுங்கள்.

செல்லூர்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. அத்தையிடம் பேசினேன். நகல் எடுத்தால் எல்லாம் எல்லோருக்கும் என்றதும் அவர் ஒப்புக்கொண்டார். அசல் பெட்டியைத் தாமே வைத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். சிவந்த படங்களை முதலில் ஸ்கேன் செய்யத் தொடங்கியிருக்கிறேன். ஐயாவின் படத்துப் பின்னட்டையில் செய்தித்தாளுக்குப் பதிலாக ஒரு மாத நாட்காட்டியின் அட்டை இருந்தது, ஆண்டோடு.

ஒரு கேள்வி மீதி இருக்கிறது. அப்பத்தாவின் சுங்குடிச் சேலையை நான்கு ஆல்பங்களின் மேலட்டைக்கும் பயன்படுத்தலாம் என்று என் தங்கை சொல்கிறாள். சேலையை வெட்ட மனம் வரவில்லை. மேலும் சுங்குடிச் சாயம் இறங்கும் என்கிறார்கள். பைண்டர் ஐயாவின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

சிம்மக்கல் பைண்டர்

தாராளமாகப் பயன்படுத்தலாம் அம்மா. சேலை முழுவதையும் வெட்டத் தேவையில்லை. ஏ5 ஆல்பத்துக்கு இரு அட்டையும் முதுகும் சேர்ந்து, நான்கு புறமும் உள்ளே மடிக்கும் அளவையும் கூட்டினால், ஒரு துண்டு சுமார் 38க்கு 26 செ.மீ. வரும். சேலையின் அகலம் 115 செ.மீ. அளவில் இருந்தால், 26 செ.மீ. வீதம் நான்கு துண்டும் அந்த அகலத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே நீளத்தில் 40 செ.மீ. மட்டும் வெட்டினால் போதும். முந்தானைப் பக்கத்தைத் தொடாமல், இடுப்பில் செருகும் உள்முனையிலிருந்து வெட்டுங்கள். மிச்சம் ஐந்து மீட்டருக்குக் குறையாமல் இருக்கும்; யார் வேண்டுமானாலும் கட்டலாம்.

சாயத்தைச் சோதிக்க, வெள்ளைத் துணியை நனைத்துச் சேலையின் ஓர் ஓரத்தில் சிறிது நேரம் அழுத்திப் பாருங்கள். கறை ஏறினால், பசையின் ஈரத்திலும் சாயம் இறங்கும் என்று பொருள்; அப்படியானால் அந்தத் துண்டை மட்டும் உப்புப் போட்ட தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மறுபடி சோதியுங்கள். அப்போதும் இறங்கினால் துணியை மேலட்டையில் ஒட்டாமல், ஆல்பத்தைச் சுற்றி வைக்கும் தனி உறையாகத் தைத்துவிடுவது நல்லது. சாயம் நிற்குமானால், துணியின் பின்புறம் மெல்லிய வெள்ளைத் தாளைப் பிவிஏ பசையால் முதலில் ஒட்டிக் காயவைத்துவிட்டு, அதன் பிறகு அட்டையில் ஒட்டுங்கள். இந்த உள்தாள் இல்லாமல் நேராக ஒட்டினால், பசை துணியின் இழை வழியாக ஊறி, முன்பக்கத்தில் புள்ளிகளுக்கு நடுவே திட்டுத் திட்டாகத் தெரியும்.

அகலத்தில் வெட்டும்போது முதல் துண்டிலும் கடைசித் துண்டிலும் மட்டும்தான் கரை விழும், நடு இரண்டில் விழாது. எந்த வீட்டுக்குக் கரை வைத்த ஆல்பம் என்பதை வெட்டுவதற்கு முன்பே அத்தையிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.